காசிக்குப் போனாலும் கணக்குப் பார்த்துப் போங்க

(முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்ன தலைப்பு என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "இன்சூரன்ஸ்" என்றேன். "ஏனுங்க, சாப்பாட்டுக்கு முன்னாடியா பேசப் போறீங்க, பின்னாடியா?" என்று கேட்டார். முன்னாடி பேசினால் கூட்டம் எழுந்து பந்திக்குப் போய்விடும், பின்னாடி பேசினால் தூங்கிவிடும் என்பது அவர் கவலை. முப்பது வருஷம் நாமக்கல்லில் இன்சூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் பைல் புரட்டியவனுக்கு வேறு என்ன பேசத் தெரியும்? பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊர்க்காரருக்கு இன்சூரன்ஸ் புதிதல்ல. நாமக்கல் லாரிக்காரரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்த வண்டிக்கு எந்தத் தேதியில் எப்.சி., எந்தத் தேதியில் பாலிசி முடிகிறது என்று சொல்வார். திருச்செங்கோடு ரிக் வண்டி ராஜஸ்தானில் துளை போட்டுக்கொண்டிருந்தாலும் அதன் பேப்பர் எல்லாம் சரியாக இருக்கும். அதே மனுசர் பெண்டாட்டி பிள்ளையோடு பத்து நாள் டூர் கிளம்பும்போது என்ன இருக்கிறது என்று கேளுங்கள். "உள்நாட்டுக்குள்ளேதானுங்களே போறோம், அதுக்கெதுக்கு?" என்பார்.

நானும் அப்படித்தான் இருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் 1985 பேட்ச் நண்பர்கள் குடும்பத்தோடு பதினாலு பேர் காசி போனோம். மூன்றாம் நாள் காலை தசாசுவமேத கட்டத்தில் குளித்துவிட்டு ஏறும்போது ஈரப் படியில் எங்களில் ஒருவர் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் என்றார்கள், முன்பணம் கட்டச் சொன்னார்கள்.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இன்சூரன்ஸ்காரன் ஆச்சே! நான் மனசுக்குள் ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டேன். ரயில் டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்தபோது இன்சூரன்ஸ் கட்டத்தை டிக் செய்திருந்தோம். ஆனால் அது ரயில் கிளம்பியதிலிருந்து இறங்கும் ஸ்டேஷன் வரைக்கும்தான். படித்துறைக்கு வராது. அவருக்கு வங்கிக் கணக்கில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கிற பிரதமர் விபத்துக் காப்பீடு இருந்தது. அதில் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான் பணம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு ரூபாய் வராது. மிச்சம் இருந்தது பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுடைய கம்பெனி மெடிக்கிளெய்ம். அதில் அப்பா பெயரும் உண்டு. ஆனால் அதன் நம்பர் யாரிடம் இருக்கிறது? கார்டு ராசிபுரத்தில் பீரோவுக்குள். மகன் நைட் ஷிப்ட் முடித்து போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறான். மத்தியானம்தான் அவனைப் பிடித்தோம். அந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இல்லை, அதனால் கேஷ்லெஸ் கிடையாது, கட்டிவிட்டு அப்புறம் பில் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

ஆளுக்கு ஆள் கார்டைத் தேய்த்துப் பணம் கட்டினோம். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஒரிஜினல் பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் பத்திரமாக வைத்திருந்ததால் ஆஸ்பத்திரிச் செலவு பிற்பாடு பெரும்பாலும் திரும்பி வந்தது.

வராதது என்ன தெரியுமா? அவரை ஊர் கொண்டுவந்து சேர்த்த செலவு. உட்கார முடியாத ஆளை ரயிலில் எப்படி ஏற்றுவது? விமானத்தில் படுக்க வைத்துக் கொண்டுவர ஒரு சீட்டு போதாது, பல சீட்டுக்குக் காசு. சென்னையிலிருந்து ராசிபுரத்துக்கு ஆம்புலன்ஸ். இரண்டு வாரம் அவர் மனைவியும் இன்னொருவரும் தங்கிய லாட்ஜ் வாடகை. வீணாய்ப்போன திரும்பும் டிக்கெட்டுகள். மெடிக்கிளெய்மில் இவற்றுக்கெல்லாம் இடமில்லை. பதினாலு பேரும் பங்கு போட்டோம். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஆனாலும் மூன்று மாசம் கழித்து அவர் மனைவி ஒரு கவரோடு என் வீட்டுக்கு வந்தார். "அண்ணா, யார் கடனும் நமக்கு வேண்டாமுங்க" என்றார். கையைப் பார்த்தேன், வளையல் இல்லை. நான் என்ன சொல்ல?

அன்றைக்குத்தான் உள்நாட்டுப் பயண இன்சூரன்ஸ் என்ற பாலிசியை நான் ஒழுங்காகப் படித்தேன். முப்பது வருஷம் அதே துறையில் இருந்தவன்! நான் பார்த்ததெல்லாம் லாரியும் தேர்த் தகராறும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் ஆஸ்பத்திரிச் செலவைவிட முக்கியமானவை வேறு. அடிபட்டவரை ஊருக்குக் கொண்டுவரும் செலவு, கூட ஒருவர் தங்கும் செலவு, பயணம் ரத்தானால் டிக்கெட், லாட்ஜ் பணம். ஆகவே மெடிக்கிளெய்ம் ஏற்கெனவே வைத்திருப்பவர் இந்த அம்சங்கள் இருக்கிற பாலிசியா என்று பார்த்து வாங்கினால் போதும். உள்ளதையே இரண்டாம் தடவை வாங்க வேண்டாம். மெடிக்கிளெய்மே இல்லாதவர் முதலில் அதை எடுக்கட்டும். அது குமரியானாலும் காஷ்மீரானாலும் செல்லும்.

வாங்கும்போது விலையைப் பார்க்காதீர்கள், "இதற்குக் கிடையாது" என்ற பக்கத்தைப் படியுங்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இருதய நோயால் வரும் செலவைப் பல பாலிசிகள் தராது. மது குடித்திருந்தால் கிடையாது. மனசு மாறிப் பயணத்தை நிறுத்தினால் பணம் வராது, பாலிசியில் எழுதிய காரணமாக இருக்க வேண்டும். சிலவற்றில் வீட்டிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்கு அப்பால் போனால்தான் செல்லும். சேலத்துக்காரர் ஏற்காட்டுக்குப் போக அதை வாங்கினால் காசுக்குப் பிடித்த கேடு!

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. 2016 செப்டம்பரில் அந்த டிக்கெட் இன்சூரன்ஸ் தொடங்கியபோது ஆளுக்கு 92 பைசா. பிறகு 50 பைசாவுக்கும் கீழே இறங்கியது. ரயில் விபத்தில் மரணத்துக்கு 10 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2 லட்சம் வரை. கவுண்டர் டிக்கெட்டுக்கும் வெயிட்டிங் லிஸ்டுக்கும் கிடையாது. டிக் செய்தபின் செல்போனுக்கு ஒரு லிங்க் வரும், அதில் வாரிசுதாரர் பெயரை எழுதச் சொல்லும். நூற்றுக்கு எத்தனை பேர் எழுதுகிறார்கள்? அந்தப் பெயர் இல்லாவிட்டால் குடும்பம் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் படியேற வேண்டும். அப்படி ஏறியவர்களை என் மேஜைக்கு எதிரிலேயே பார்த்திருக்கிறேன். இது தவிர, டிக்கெட் எந்த வகையானாலும், ரயில்வே சட்டப்படி விபத்தில் இறந்தவருக்கு 2017 ஜனவரியிலிருந்து 8 லட்சம் இழப்பீடு உண்டு. அதற்கு ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிப்யூனலில் மனுப் போட வேண்டும்.

தம்பிகளே, இனி உங்களுக்கு. கொல்லிமலைக்கு வேன் பிடிக்கிறீர்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஆயிரம் ரூபாய் குறைவு என்று வெள்ளை போர்டு வண்டியை அமர்த்தாதீர்கள். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டினால், விபத்து என்று வந்தபின் கம்பெனி முதலில் அதைத்தான் கிளப்பும். மஞ்சள் போர்டு வண்டிதானா, பாலிசி நடப்பில் இருக்கிறதா என்று எம்பரிவாகன் செயலியில் நம்பரைத் தட்டினாலே தெரிந்துவிடும். பதினெட்டு சீட்டு வண்டியில் முப்பது பேர் ஏறாதீர்கள்.

பைக்கில் போகிறவர்களே, வண்டி சொந்தக்காரர் ஓட்டும்போது அவருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பு 2018 முதல் உண்டு, பாலிசியோடு எடுத்திருந்தால். நண்பனுடைய பைக்கை இரவல் வாங்கி ஓட்டுகிற உங்களுக்கு அது கிடையாது. இது தெரியாமல் வந்து நின்ற ஒரு தகப்பனார் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அடிபட்டால் முதல் நேரத்துக்கு ஆதரவு உண்டு. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் பட்டியல் ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை. வெளிமாநிலச் சாலை விபத்துக்கு 2025 மே மாசம் மத்திய அரசு 7 நாள், ஒன்றரை லட்சம் வரை என்று அறிவித்தது. தங்கைகளே, இது உங்களுக்கும்தான்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பந்தியில் இலை போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

காசியில் விழுந்த அந்த நண்பர் மூன்றாவது வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருக்கிறார். "மாப்ளே, என் கதையைச் சொல்லு, பேரை மட்டும் சொல்லாதே" என்றார். அடுத்த மாசம் அதே பதினாலு பேரும் ராமேஸ்வரம் போகிறோம். இந்தத் தடவை எல்லோருடைய பாலிசி நம்பரும், பிள்ளைகளின் போன் நம்பரும் ஒரு நோட்டில் எழுதி அவர் மனைவியின் கைப்பையில் இருக்கிறது. வளையலும் மீட்டாயிற்று.