பனியைத் தாங்கும் ஜெரேனியம்

ஜெரேனியம் என்றதும், மலைநாட்டு இல்லங்களின் முன்றிலில் பூச்சாடிகளிற் சிவந்து நிற்கும் செடியே நேயர்களின் நினைவுக்கு வரும். தாவர நூலார் அதனைப் பெலார்கோனியம் என்பர். அவ்வினத்தின் பெரும்பகுதிக்குத் தென்னாபிரிக்காவே தாயகம். கடும் உறைபனியில் அது மடிந்துவிடும். மெய்யான ஜெரேனியம் வேறு. ஐரோப்பாவின் புல்வெளிகளிலும் இமயமலைச் சாரல்களிலும் இயல்பாக வளரும் அதன் வகைகள் பல, கடுங்குளிரிலும் வேர் அழியாது பல்லாண்டு வாழ்வன.

இப்பெயர் மயக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் இவ்விரண்டையும் ஜெரேனியம் என்னும் ஒரே இனத்துள் அடக்கினார். 1789இல் பிரெஞ்சு அறிஞர் லெரித்தியே பெலார்கோனியத்தைத் தனியே பிரித்தார். நூல்கள் திருந்தின, மக்கள் நாவோ திருந்தவில்லை. கிரேக்க மொழியில் ‘ஜெரனோஸ்’ என்பது கொக்கு; ‘பெலார்கோஸ்’ என்பது நாரை. காய், பறவையின் அலகுபோல் நீண்டிருப்பதே இப்பெயர்களுக்குக் காரணம். ஜெரேனியத்தின் காய் முற்றி உலரும்போது, அவ்வலகு பிரிந்து சுருண்டு வித்துக்களைத் தூர எறிகிறது. பூவைக் கொண்டும் வேற்றுமை காணலாம். ஜெரேனியத்தின் ஐந்து இதழ்களும் ஒரே வடிவின. பெலார்கோனியத்தில் மேலிரண்டு இதழ்கள் ஏனைய மூன்றினின்றும் பெரும்பாலும் வேறுபடும்.

இச்சிறு பூ அறிவியலுக்கும் ஒரு வாயிலைத் திறந்தது. 1787இல் ஜெர்மானியர் கிறிஸ்ரியன் கொன்ராட் ஸ்பிரெங்கல், காட்டு ஜெரேனியத்தின் இதழடியில் மெல்லிய மயிர்கள் இருக்கக் கண்டார். மழைநீர் தேனிற் கலவாதிருக்கவே அவை அமைந்தன என்று எண்ணினார். பூவிற்கும் பூச்சிக்கும் உள்ள உறவை விளக்கி 1793இல் அவர் வெளியிட்ட நூலுக்கு அந்த எண்ணமே வித்தாயிற்று.

இலங்கையிலிருந்து சென்று இலண்டன் நகரிற் குடியேறிய தமிழருள், வீட்டின் பின்புறத்துச் சிறு நிலத்திற் பூஞ்செடி வளர்ப்போர்க்கு இது வெறும் பெயராராய்ச்சி அன்று. பெயரை நம்பிப் பெலார்கோனியத்தை மார்கழிக் குளிரில் வெளியே விட்டால், ஒரே இரவில் அதனை இழக்க நேரும். மெய்யான ஜெரேனியத்தின் பல வகைகளோ, கார்த்திகை மாதத்தில் தழை கருகி மண்ணோடு மண்ணாகும். செத்ததென்று பிடுங்கி எறிபவர், உயிருள்ள வேரையே எறிகின்றார். மஞ்சளும் கருணைக்கிழங்கும் தழை மடிந்தபின் மீண்டும் தளிர்ப்பதை அறிந்தவர்க்கு இது புதுமையன்று. பங்குனி வரை பொறுத்திருந்தால் மண்ணைக் கீறிக்கொண்டு தளிர்கள் எழும்.

நடுவதற்கு இளவேனிலும் இலையுதிர் காலமும் ஏற்றவை. நீர் தேங்காத நிலமும், நடும்போது சிறிது கூட்டெருவும் போதும். பசளை மிகுந்தால் தழையே செழிக்கும். இடத்திற்கேற்ற வகையைத் தெரிதல் வேண்டும். மரநிழலின் வறண்ட மண்ணுக்கு மக்ரோரைசம் என்னும் வகை உகந்தது. அது படர்ந்து களையையும் அடக்கும். வெயிலுக்குச் சங்குயினியம் நன்று. நீலப்பூப் பூக்கும் பிரட்டென்சே, ஈரமுள்ள வெயில் நிலத்தை விரும்பும்.

பராமரிப்பில் முதன்மையானது கத்தரித்தலே. கோடையின் முதற் பூப்பு முடிந்ததும் பிரட்டென்சே போன்ற வகைகளின் தண்டுகள் சாய்ந்து, இலைகளிற் சாம்பல் நோயும் படியும். அப்போது தழை முழுவதையும் நிலமட்டத்தை ஒட்டி வெட்டி, நன்கு நீர் ஊற்றுதல் வேண்டும். பச்சைத் தழையை வெட்டப் புதியவர் கை தயங்கும். ஆயினும் சில வாரங்களுள் புதிய இலைகள் விரியும். சில வகைகள் மறுமுறையும் பூக்கும். ‘ரோசான்’ என்னும் கலப்பு வகைக்கு இவ்வெட்டுத் தேவையில்லை. அது கோடை தொடங்கி உறைபனி வரும்வரை ஓயாது பூப்பது. செல்சி மலர்க்காட்சியின் நூற்றாண்டுச் செடியாக 2013இல் தெரிவுசெய்யப்பட்டதும் அதுவே.

மூன்று நான்கு ஆண்டுகளில் செடியின் நடு வெறுமையாகும். இளவேனிலிலோ இலையுதிர் காலத்திலோ அதனைத் தோண்டியெடுத்து, தளிரும் வேரும் அமையுமாறு பிரித்து, பழைய நடுப்பகுதியை நீக்கி மீள நடலாம். ரோசான் வித்துத் தராதாதலின், அதனைப் பெருக்குவதற்கும் இவ்வாறு பிரித்து நடுவதே எளிய வழி. ஒருவர் தோட்டத்துச் செடி அயலார் தோட்டத்திற்குச் செல்வதும் இவ்வாறே. வாங்கிச் சென்றவர் அறிய வேண்டுவது ஒன்றே: மாரியில் வெறுமையாய்த் தோன்றும் அவ்விடத்தில் மண்வெட்டி படலாகாது.