பூட்டியிருந்த பின்வாசல்

(மருத்துவமனை ஞாயிறு ஆராதனையில் சாப்ளின் ஐயா ஆற்றிய உரை)



2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னைக்குள் புகுந்தபோது, ஒரு பெரிய மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் நீரில் மூழ்கின. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களில் பலர் மரித்த செய்தியை நாம் எல்லாரும் வாசித்தோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. டெல்டா கிராமங்கள் பலவும் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. இவ்வளவும் அறிந்திருந்தும், நம்முடைய ஜெனரேட்டர் வாய்க்காலை ஒட்டிய பள்ளத்திலேதான் நின்றது. தினமும் அதைக் கடந்துதான் சிற்றாலயத்துக்குப் போனோம்.

ஆகவே இவ்வருஷம் ஓர் ஒத்திகை நடத்தினோம். இரவு பத்து மணிக்கு, மாடி வார்டில் தீ என்று மணி அடித்தோம். கட்டில்களில் படுத்திருந்தவர்கள் நம் ஊழியர்களே. வெட்கத்தோடே சொல்லுகிறோம், பின்வாசல் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் எட்டு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார்! தீயணைப்புக் கருவியின் ஊசியை உருவத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். கொழுந்தில் அல்ல, தீயின் அடியில் பீய்ச்ச வேண்டும் என்பதை நாங்களும் அன்றுதான் கற்றோம். தீயின்போது லிப்ட் கூடாதாகையால், நோயாளியைப் போர்வையில் கிடத்தி நால்வர் சுமந்து படியிறங்கினார்கள். நோயாளியாக நடித்தவர் நம் சமையற்காரர். அவருடைய கனம் உங்களுக்குத் தெரியுமே.

ஒரு காரியம் எங்கள் மனதை விட்டு அகலவில்லை. ஆக்சிஜன் தீயை வளர்க்கும். ஆகையால் வார்டுக்குப் போகும் வால்வை மூட வேண்டும். ஆனால் அதற்கு முன்னே, ஆக்சிஜனில் இருப்பவருக்குச் சிறு சிலிண்டரை மாட்டிவிட வேண்டும். பதற்றத்தில் ஓர் இளம் செவிலியர் முதலில் வால்வை மூடிவிட்டார். அந்தக் கட்டிலில் கிடந்தது வெறும் தலையணைதான். ஆனாலும் அவர் விடியுமட்டும் அழுதார். நாங்கள் அவரோடு உட்கார்ந்திருந்தோம்.

"ஐயா, ஜெபித்தால் போதாதா?" என்று ஒரு மூப்பர் கேட்டார். யோசேப்பு எகிப்திலே ஏழு வருஷம் தானியமும் சேர்த்துவைத்தானே என்றோம்.

சாவி இப்போது கதவருகே கண்ணாடிப் பெட்டியில் தொங்குகிறது. சிறு சிலிண்டர்கள் நான்கு, உங்கள் காணிக்கையால் வந்துவிட்டன. ஜெனரேட்டருக்கான மேடைதான் பாதியில் நிற்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் கான்கிரீட் போட்டு முடிக்க உங்கள் உதவியைக் கேட்கிறோம். வந்து பாருங்கள், நாங்களே அழைத்துச் சென்று காட்டுகிறோம்.