வீடு கட்டும் கூலி: ஒரு காலனி வீட்டின் கணக்கு
(பொம்மிடியில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவுச் சொற்பொழிவு என்றால் தத்துவம் பேச வேண்டும் என்று ஒரு பழக்கம் நம்மிடம் உண்டு. இன்று நாம் நினைவுகூர்கிற தோழர் கொத்தனார். பதினான்கு வயதில் பெங்களூருக்கு ரயிலேறி, கலவை சுமந்து, கரண்டி பிடிக்கக் கற்று, பதினேழு மாடிக் கட்டடம்வரை வேலை பார்த்தவர். அவருக்குப் பிடித்த வாசிப்பு அம்பேத்கர். அதற்கு அடுத்தபடி கணக்கு நோட்டு. எனவே ஒரு கணக்கு நோட்டை உங்கள் முன் பிரிக்கிறோம். அது எங்கள் வீட்டு நோட்டு. அதில் சில வரிகள் அவர் கையெழுத்தில் இருக்கின்றன.

எங்கள் அம்மாவின் குடிசைக்குப் பதிலாகக் கலைஞரின் கனவு இல்லம் வந்தது. 2024இல் தொடங்கிய திட்டம். 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய். முந்தைய திட்டங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகைதான், மறுக்கவில்லை. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டத்தில் 75,000 ரூபாய். 2011இல் பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடிக்கு, சூரிய மின்விளக்குச் செலவும் சேர்த்து, 1,80,000. 2016இல் வந்த பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு அடிப்படைத் தொகை 1,20,000. நமக்கு வீடு கட்டித்தரவென்றே 1974இல் தாட்கோவைத் தொடங்கினார்கள். அதன் பெயரிலேயே வீட்டுவசதி இருக்கிறது. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் நம் பிள்ளைகளுக்குக் கடன் விண்ணப்பம்தான் நினைவுக்கு வருகிறது. அது வேறொரு நாள் பேச வேண்டிய கதை.

இந்தத் திட்டங்களுக்குப் பின்னால் ஒரு எண்ணம் இருக்கிறது. பயனாளி தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்வார் என்பது அது. ஊரக வீட்டுத் திட்டத்தில் ஒப்பந்ததாரரை நுழைக்கக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான். நூறு நாள் வேலையிலிருந்து 90 நாள் கூலியும் வீட்டு வேலைக்கென்று சேர்த்தார்கள். ஆனால் அது வானம் தோண்டவும் மண் சுமக்கவுமான கூலி. கொத்தனாருக்கும் சென்ட்ரிங் அடிப்பவருக்கும் கம்பி கட்டுபவருக்கும் வீட்டுத் தொகையிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். நமக்கு உடம்பு இருக்கிறது, உழைப்போம் என்று அரசு கணக்கிட்டிருக்கிறது. தொழில் தெரிந்தவரை அழைத்து வர என்ன செலவாகும் என்பதற்கு அந்தக் கணக்கில் தனி வரி கிடையாது.

நாங்கள் மேஸ்திரி தேடினோம். ஊர்ப்பக்கம் பேர்பெற்ற ஒருவரிடம் பேசினோம். கட்டு வேலை, பூச்சு, சென்ட்ரிங் எல்லாம் சேர்த்து, பொருள் நம்முடையது, சதுர அடிக்கு 400 ரூபாய் என்று பக்கத்துத் தெருவில் அப்போதுதான் வேலை எடுத்திருந்தார். எங்களிடம் 450 கேட்டார். 360 சதுர அடிக்கு 1,62,000. அந்தத் தெருவாக இருந்தால் 1,44,000. வித்தியாசம் 18,000 ரூபாய்.

ஏன் என்று கேட்டோம். "உங்க சந்துல டிப்பர் வராதுங்க. ஆளுங்களும் அங்கன்னா யோசிக்கறாங்க" என்றார். சாதி என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. வரவேண்டிய தேவையும் இல்லை. டிப்பர் வராதது உண்மை. காலனிக்கு நிலம் ஒதுக்கிய காலத்திலேயே சந்தின் அகலம் முடிவாகிவிட்டது. எம்-சாண்டும் ஜல்லியும் ரோட்டோரம் கொட்டிக் கிடக்கும். அங்கிருந்து ஒவ்வொரு பாண்டாகத் தலையில் வர வேண்டும். செங்கல்லுக்கு இறக்குக்கூலி ஒன்று, சந்துக்குள் தூக்குக்கூலி இன்னொன்று. ஒரே செங்கல்லுக்கு இரண்டு முறை கூலி கொடுத்துக் கட்டுகிறவர்கள் நாம்.

ஒப்புக்கொண்டோம். பேஸ்மட்டம் முடிந்ததும் மேஸ்திரி பெரிய வேலை ஒன்று கிடைத்து அந்தப் பக்கம் போய்விட்டார். முன்பணத்தைத் திரும்ப வாங்க நான்கு மாதம் ஆனது. பிறகு நாட்கூலிக்கு ஆள் வைத்தோம். வெளியூர்க் கொத்தனார் இரண்டு பேர், ஆளுக்கு 1,000. அவர்களோடு வந்த ஆண் ஆள் இரண்டு பேர், 800. சித்தாள் இரண்டு பேர் எங்கள் காலனியிலிருந்தே, 500. ஒரு நாளைக்கு 4,600 ரூபாய்.

இங்கே மாணவர்கள் கேட்பீர்கள்: காலனியில்தான் இவ்வளவு கொத்தனார்கள் இருக்கிறார்களே, வெளியாள் எதற்கு? இருக்கிறார்கள், பெங்களூரில் இருக்கிறார்கள். பொம்மிடியிலும் மொரப்பூரிலும் ரயிலேறிப் போனவர்கள் அங்கே ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். ஒருவரை இரண்டு மாதம் ஊரில் நிறுத்த வேண்டுமென்றால் அங்கே விட்டு வருகிற கூலியை நாம் கட்ட வேண்டும், திரும்பிப் போனால் அந்த இடம் இருக்குமா என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். நகரத்துக்கு வீடு கட்டித் தருகிற கை, சொந்தக் காலனிக்கு விலை அதிகமான கையாகிவிடுகிறது.

வேலை நடந்தது. காலை பத்தரைக்கும் மாலை மூன்றரைக்கும் அம்மா டீ போட்டார். சித்தாள் இருவரும் குடித்தார்கள். மற்ற நால்வரும் "இப்பத்தான் குடிச்சோம்மா" என்றார்கள். மூன்றாம் நாள் அம்மாவே டீ காசு கொடுக்கத் தொடங்கினார். நால்வரும் ரோட்டுக் கடைக்கு நடந்து போய்க் குடித்துவிட்டு வருவார்கள். அந்த நேரத்தில் வேலை நிற்கும். இதை அவமானமாக உணர்ந்தோம், ஆனால் செலவாகப் பார்க்கவில்லை. அதைச் செலவாக எழுதியவர் நம் தோழர்.

உடல்நலம் கெட்டு பெங்களூரிலிருந்து திரும்பியிருந்த அவர் ஒருநாள் சைட்டுக்கு வந்து கட்டில் மேல் உட்கார்ந்து பார்த்தார். நோட்டை வாங்கி எழுதினார். டீக்கு 15 ரூபாய், நான்கு பேர், இரண்டு வேளை, 120. போய் வர இரண்டு முறையும் சேர்த்து ஒரு மணி நேரம். எட்டு மணி நேர வேலையில் எட்டில் ஒரு பங்கு. 4,600இல் எட்டில் ஒரு பங்கு 575. ஆக ஒரு நாளைக்கு 695. அந்த வேலை 30 நாள் நடந்தது. 20,850 ரூபாய். வரவு செலவுப் பக்கத்தில் சிமெண்டுக்குக் கீழே "தீண்டாமை" என்று தலைப்பிட்டு அந்தத் தொகையை எழுதிவைத்தார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

சாதி உழைப்பாளிகளையே மேலும் கீழுமாக அடுக்கிவைக்கிறது என்று 1936இல் அம்பேத்கர் விளக்கியதைப் படித்திருக்கிறோம். தேர்வில் எழுதியும் இருக்கிறோம். அதை ரூபாயில் பார்த்தது அன்றுதான். தோழருக்கோ அது அனுபவம். ஊருக்குள் பூச்சு வேலைக்கும் செப்டிக் டேங்குக்கும் அவரைக் கூப்பிடுவார்கள். நிலை வைக்கிற நாளில் கூப்பிட மாட்டார்கள். நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து வெற்றிலை பாக்கும் துண்டும் காசும் வேறொரு கைக்குப் போகும். எங்கள் வீட்டு நிலையை அவர்தான் வைத்தார். அவருக்கு ஊரில் கிடைத்த முதல் துண்டு அது.

வீடு நமக்கு வெறும் சுவர் அல்ல என்பதைத் தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு காதல் திருமணம். ஆனால் எரிந்தவற்றைப் பாருங்கள்: பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்துக் கட்டிய மெத்தை வீடுகள், பீரோ, பைக், சான்றிதழ்கள். ஓட்டு வீட்டிலிருந்து தளம் போட்ட வீட்டுக்கு நாம் ஏறியது சிலருக்குப் பொறுக்கவில்லை. தீயில் வெந்த காங்கிரீட் வெளியே நின்றிருந்தாலும் உள்ளே பலம் இழந்துவிடும் என்று தோழர் சொல்வார். ஒருமுறை கட்டவே வாழ்நாள் கூலி போகிறது. 

இதுவரை மற்றவர்களைப் பற்றிச் சொன்னோம். இனி எங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

தளம் போட்ட அன்று சித்தாளாக வேலை செய்த அத்தை கூலியை வாங்கி எண்ணிவிட்டு நின்றார். நோட்டில் தோழர் எழுதியதை யாரோ அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். "அது சரி, எங்க கணக்கை எங்க எழுதியிருக்கீங்க? அவன் தூக்கின அதே பாண்டுதானே நானும் தூக்கினேன். மண்ணுக்கு ஆம்பள பொம்பள தெரியுமா?" என்றார். எங்களுக்குப் பேச்சு வரவில்லை. சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்தது. எங்களில் ஒருவர் அதைப் பற்றிக் கல்லூரியில் கருத்தரங்கக் கட்டுரை வாசித்தவர். வழக்கம் 500, கொடுத்தது 500. சட்டம் நினைவுக்கே வரவில்லை.

போட்டுப் பார்த்தோம். ஆளுக்கு 300 குறைவு, இரண்டு பேர், 30 நாள். 18,000 ரூபாய். மேஸ்திரி காலனி என்பதற்காக எங்களிடம் ஏற்றிக் கேட்ட அதே 18,000. அவர் கேட்டதை அநியாயம் என்று ஊரெல்லாம் சொன்னோம். நாங்கள் பிடித்ததை ஊர் வழக்கம் என்றோம்.

சொந்த வீடு கட்டுகிற ஏழையை முதலாளி என்று பேசலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 1996ஆம் ஆண்டு கட்டுமானத் தொழிலாளர் சட்டமும் 10 லட்சத்துக்கு உட்பட்ட சொந்த வீட்டை விட்டுவிட்டிருந்தது. சட்டம் விட்டுவிடலாம். நாங்கள் விட முடியாது என்றார் தோழர். விட்டால் காலனிக்குள் நாம் கட்டுகிற ஒவ்வொரு வீட்டின் மலிவும் நம் பெண்களின் தலைச்சுமையிலிருந்துதான் வரும் என்பது அவர் வாதம். இதை இந்த அமைப்பின் கூட்டத்தில் வைத்தபோது எதிர்ப்பும் வந்தது. சம கூலி கொடுத்தால் வீடு லிண்டலோடு நின்றுவிடும் என்றார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. எங்கள் வீட்டுப் பூச்சு இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கிறது. அதற்கான பதில் அரசின் மதிப்பீட்டில் கூலிக்குத் தனித் தொகையும், அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகையும் கேட்பதுதான். சந்தை அகலப்படுத்தக் கேட்பதும் அதில் சேரும். இந்தக் கோரிக்கை மனுவின் முதல் வரைவைத் தோழர்தான் எழுதினார். கையெழுத்து வாங்குமுன் போய்விட்டார். படிவங்கள் வாசலருகே மேசையில் இருக்கின்றன.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் இரண்டு பெயர்களும் நேரே 9,000, 9,000 என்றும் இருக்கிறது. இதுவரை ஆளுக்கு 3,000 கொடுத்திருக்கிறோம். அத்தை முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பாக்கி 12,000.