சிறு கணினியின் பார்வை வேகம்



உள்ளங்கையில் அடங்கும் கணினி ஒன்று இன்று மாணவர் பலர் கையில் விளங்குகிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்தார் ஆக்கி, 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த ராஸ்பெரி பை என்பதே அது. அதனோடு ஒரு வெப்கேமராவை இணைத்து, ஓப்பன் சி.வி. என்னும் நிரல்தொகுதியையும் சேர்த்துவிட்டால், எதிரே இருப்பது பந்தா, பாதையா, மனித முகமா என்று ஆராயும் ஆற்றலை அது பெறுகிறது. இதனையே கணினிப் பார்வை என்கிறோம்.

ஆயினும், அப்பார்வை பல வேளைகளில் மந்தமாக இருக்கிறது. வினாடிக்கு 30 படம் தரவல்ல கேமராவை இணைத்தும், ஐந்தாறு படங்களே ஆராயப்படுவதுண்டு. இதனால் விளையும் கேடு யாது? வினாடிக்கு ஒரு மீட்டர் ஓடும் சிறு வண்டியை இக்கணினி செலுத்துவதாகக் கொள்வோம். வினாடிக்கு 5 படமாயின், ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே வண்டி 20 சென்டிமீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறது. 20 படமாயின், அத்தொலைவு 5 சென்டிமீட்டராகக் குறைகிறது. சுவரில் மோதுவதும், மோதாமல் திரும்புவதும் இவ்வேறுபாட்டைப் பொறுத்தவை.

இம்மந்தத்தைக் கண்டவுடன் விலையுயர்ந்த கணினியை நாடுதல் வேண்டா. நேரம் எங்கே செலவாகிறது என்று அளந்து பார்த்தலே முதற்கடமை. அது செலவாகும் இடங்கள் நான்கு.

முதலாவது, கேமரா. அறையில் ஒளி குறைந்தால், ஒவ்வொரு படத்திற்கும் ஒளியை ஏற்கும் நேரத்தைக் கேமரா தானே நீட்டிக்கொள்ளும். அந்நேரம் பத்தில் ஒரு வினாடியாயின், எத்துணை வல்ல கணினியாலும் வினாடிக்குப் பத்துப் படத்திற்குமேல் பெற இயலாது. ஒரு விளக்கை ஏற்றினால் தீரும் குறை இது.

இரண்டாவது, கம்பி. யு.எஸ்.பி. 2.0 இணைப்பின் உச்ச வேகம் வினாடிக்கு 480 மெகாபிட்; நடைமுறையில் அதனினும் குறைவே. 1280 × 720 புள்ளிகள் கொண்ட படத்தைச் சுருக்காமல், புள்ளிக்கு இரண்டு பைட் வீதம், வினாடிக்கு 30 முறை அனுப்ப ஏறத்தாழ 442 மெகாபிட் வேண்டும். இவ்வாய்க்கால் அவ்வெள்ளத்தைத் தாங்காது. ஜேபெக் முறையில் சுருக்கி அனுப்பச் செய்யலாம். ஆனால் அதனை விரிக்கும் உழைப்பு கணினியைச் சேரும். 640 × 480 புள்ளிகள் போதுமாயின், 147 மெகாபிட்டே வேண்டும்.

மூன்றாவது, காத்திருத்தல். கிணற்றில் நீர் இறைப்பவரே ஒவ்வொரு முறையும் வயலுக்கு ஓடி மடை திருப்பி மீள்வாராயின், பயிர் வாடும். ஒருவர் இறைக்க, மற்றொருவர் மடை திருப்புவதன்றோ உழவர் வழக்கம்! நிரலிலும் இவ்வாறே, இழை எனப்படும் இரு தனிப் பணியோட்டங்களை அமைக்கலாம். படம் பெற 30 மில்லி வினாடியும், ஆராய 50 மில்லி வினாடியும் ஆகுமெனக் கொள்வோம். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் வினாடிக்குப் பன்னிரண்டு படமே முடியும். ஒருங்கே செய்தால் இருபது வரை முடியும். இறைக்கும் இழை புதிய படத்தை மட்டுமே வைத்திருத்தல் வேண்டும். தேங்கிய பழைய படத்தை நோக்கும் வண்டி, கடந்துவிட்ட பாதையைப் பார்த்தே திரும்பும்.

நான்காவது, ஆராய்ச்சி. ஆராயும் படத்தின் அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால், புள்ளிகள் கால்பங்காகக் குறையும். தொலைவிலுள்ள சிறு பொருள் மறைந்துவிடாத அளவிற்கே இதனைச் செய்தல் வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. 30 படமே தரும் கேமராவைக் கொண்டு வினாடிக்கு 150 படம் பெற்றதாக நிரல் காட்டுமாயின் மகிழ வேண்டா. ஒரே படத்தை ஐந்து முறை எண்ணிய கணக்கு அது. புதிய படங்களை மட்டும் எண்ணுங்கள். எண்ணிக்கை உயர்வதால் வண்டி நிற்பதில்லை. சுவரை உரிய காலத்தில் கண்டால்தான் நிற்கும்.