"நோ சிக்னல்" வந்தா போர்ட் போச்சுன்னு அர்த்தம் இல்லை

(ஒலிவடிவில் வெளியான எபிசோடின் எழுத்து வடிவம் இது. வாசிக்க வசதியாகப் பேச்சு லேசாகத் திருத்தப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம் பார்க்கச் சின்னது. லேப்டாப்பை டிவியில மாட்டுறோம், படம் வரலை. கறுப்புத் திரையில "நோ சிக்னல்" என்று ஒரு வார்த்தை மட்டும் மிதக்குது. இதுக்கு மேல என்ன பண்றது?

பல வீடுகள்ல நடக்கிறது இதுதான். கேபிளைக் கழற்றி மாட்டுவோம். ரீஸ்டார்ட் பண்ணுவோம். ஊதிக்கூட பார்ப்போம். அப்புறம் கடைக்குத் தூக்கிட்டுப் போவோம். கடையில "போர்ட் போயிடுச்சு, போர்டு மாத்தணும்" என்று சொன்னா, நம்மகிட்ட பதில் இருக்காது. ஆயிரக்கணக்குல செலவு. அந்தச் செலவுக்கு முன்னாடி நீங்களே 10 நிமிஷத்துல எதைச் சோதிச்சுப் பார்க்கலாம், ஏன் அதைச் சோதிக்கணும் என்பதுதான் இந்த எபிசோட்.

முதல்ல, மாட்டின உடனே உள்ளே என்ன நடக்குதுன்னு பார்ப்போம். ஏன்னா அது தெரிஞ்சா, எங்கே கோளாறுன்னு யூகிக்க வேண்டிய தேவையே இல்லை.

எச்டிஎம்ஐ 2002 டிசம்பர்ல வெளியான தரம். அந்த பிளக்கில 19 பின் இருக்கு. நாம நினைக்கிறது, லேப்டாப் படத்தை அனுப்புது, டிவி வாங்கிக் காட்டுது, அவ்வளவுதான்னு. ஆனா படம் கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பேச்சுவார்த்தை நடக்கும்.

லேப்டாப் 18-வது பின்ல 5 வோல்ட் கொடுக்கும். டிவி அதைப் பார்த்துட்டு 19-வது பின் வழியா "நான் இங்கே இருக்கேன்" என்று சொல்லும். அப்புறம் 15, 16 ஆகிய ரெண்டு பின் வழியா லேப்டாப் ஒரு கேள்வி கேட்கும்: நீ யாரு, உனக்கு என்னென்ன தெரியும்? டிவி ஒரு சின்ன பட்டியலைக் கொடுக்கும். அதுக்குப் பேர் ஈடிஐடி. அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். டிவிகள்ல வழக்கமா அதோட இன்னொரு 128 பைட் சேர்ந்து வரும். டிவியோட பேர், எந்தெந்த ரெசல்யூஷன் காட்டும், நொடிக்கு எத்தனை தடவை திரையைப் புதுப்பிக்கும், சத்தம் வாங்கிக்குமா, எல்லாம் அதுக்குள்ள இருக்கு.

வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட "என்ன சாப்பிடுவீங்க?"ன்னு கேட்கிற மாதிரி. அவர் சொல்றதை வெச்சு லேப்டாப் சமைக்கும். சமைச்சதைக் கொண்டு போறதுக்குத் தனிப் பாதை இருக்கு. படம் போற அந்தக் கம்பிகள் வேற, இந்தக் கேள்வி பதில் போற கம்பிகள் வேற. கேள்வி பதில் ரொம்ப மெதுவா நடக்கும். படம் அசுர வேகத்துல ஓடும். இந்த ஒரு வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கோங்க. கொஞ்ச நேரத்துல இதுதான் ஒரு பெரிய செலவை மிச்சம் பண்ணப் போகுது.

என் சித்தி தேவகோட்டையில சாயங்கால டியூஷன் நடத்துறாங்க. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 12 பேர். ஹாலோட ஒரு சுவத்துல டிவி, எதிர்ப்பக்கம் சித்தியோட மேஜை. வீடு கட்டும்போதே சுவத்துக்குள்ள பைப் போட்டு 10 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் இழுத்துட்டாங்க. மேஜையில லேப்டாப்பை மாட்டினா டிவியில கணக்கும் அறிவியல் படங்களும் வரும். வருஷக்கணக்கா ஓடிக்கிட்டு இருந்தது.

ஜனவரியில பழைய டிவி நின்னு போச்சு. 43 இன்ச் 4கே டிவி புதுசா வாங்கினாங்க. செட்டாப் பாக்ஸ் அருமையா வருது. லேப்டாப்பை மாட்டினா மட்டும் நோ சிக்னல். ஒரு கடைக்காரர் வந்து பார்த்தார். அவர் சொன்ன காரணமும் கேட்கச் சரியாத்தான் இருக்கு: "செட்டாப் பாக்ஸ் வருது, அதனால டிவி நல்லாயிருக்கு. கேபிள் போன மாசம் வரைக்கும் ஓடின கேபிள். மிச்சம் லேப்டாப் போர்ட்தான். மதர்போர்டு மாத்த 9,500 ஆகும், ஒரு வாரம் லேப்டாப்பை விட்டுட்டுப் போங்க." பொதுத் தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கு. சித்தி போன் பண்ணி, "ஒரு வாரம் லேப்டாப் இல்லாம எப்படிடா ஓட்டுவேன்?"ன்னு கேட்டாங்க.

நான் கேட்ட முதல் கேள்வி: "சித்தி, லேப்டாப்ல டிஸ்ப்ளே செட்டிங்ஸ் திறங்க. அங்கே எத்தனை திரை காட்டுது?"

"1, 2ன்னு ரெண்டு கட்டம் இருக்கு. ரெண்டாவதுல டிவி கம்பெனி பேர் போட்டிருக்கு."

இந்த ஒரு பதில் பாதி வேலையை முடிச்சிடுச்சு. டிவியோட பேர் லேப்டாப்புக்குத் தெரிஞ்சிருக்குன்னா, 5 வோல்ட் போயிருக்கு, டிவி பதில் சொல்லியிருக்கு, பட்டியல் வந்து சேர்ந்திருக்கு. போர்ட் முழுசா செத்துப் போயிருந்தா இது நடக்காது. ஆக, பேச்சு நடக்குது, படம்தான் போய்ச் சேரலை.

அடுத்து: "லேப்டாப்பைத் தூக்கிட்டு டிவி பக்கத்துல போங்க. செட்டாப் பாக்ஸ்ல இருக்கிற சின்னக் கேபிளைக் கழற்றி லேப்டாப்ல மாட்டுங்க." ரெண்டே நிமிஷம். படம் பளிச்சுன்னு வந்துடுச்சு. போர்ட் நல்லாயிருக்கு, டிவி நல்லாயிருக்கு. மிச்சம் சுவத்துக்குள்ள இருக்கிற கேபிள்.

ஆனா அது போன மாசம் வரைக்கும் ஓடிச்சே? ஓடிச்சு. பழைய டிவி 1080பி. நொடிக்கு 60 தடவை 1080பி படம் அனுப்ப, கேபிள் கிட்டத்தட்ட 4.5 ஜிகாபிட் தாங்கினா போதும். புது டிவி பட்டியல்ல "நான் 4கே, 60" என்று சொல்லுது. லேப்டாப்பும் நம்பி அதையே அனுப்புது. அதுக்குச் சரியா நாலு மடங்கு, கிட்டத்தட்ட 18 ஜிகாபிட் வேணும். பல வருஷத்துக்கு முன்னாடி போட்ட 10 மீட்டர் கேபிளுக்கு அந்த வேகம் தாங்கலை. மெதுவா போற கேள்வி பதில் தாராளமா போயிடுது, வேகமா போற படம் வழியிலேயே சிதைஞ்சிடுது. லேப்டாப், டிவி ரெண்டுக்குமே கேபிளோட திறமை தெரியாது. அதைப் பத்தி அந்தப் பட்டியல்ல ஒரு வார்த்தையும் இல்லை.

தீர்வு? டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல ரெண்டாவது திரையைத் தேர்ந்தெடுத்து, ரெசல்யூஷனை 1920 பெருக்கல் 1080 ஆக்கினோம். பழைய கேபிள்லேயே படம் வந்துடுச்சு. செலவு பூஜ்யம். அன்னைக்குச் சாயங்காலமே டியூஷன் நடந்தது. பின் வரிசையில உட்கார்ந்து முக்கோணவியல் பார்க்கிற பிள்ளைக்கு 4கே தேவையும் இல்லை.

அந்தக் கடைக்காரர் ஏமாத்தினார்னு நான் சொல்ல வரலை. செட்டாப் பாக்ஸ் ஒரு மீட்டர் கேபிள்ல, குறைஞ்ச வேகத்துல வருது. அதையும் 10 மீட்டர் கேபிள்ல 4கே வர்றதையும் ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டார். ஒரு பொருளை மட்டும் மாத்திச் சோதிக்கிற பழக்கம் இருந்தா இந்தத் தப்பு நடக்காது. நாங்க கோட்ல பிழை தேடும்போதும் இதேதான்: ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து.

சரி, உங்க வீட்டுக்கு வருவோம். வரிசையா நாலு கேள்வி.

ஒண்ணு, டிவி சரியான இன்புட்டைப் பார்க்குதா? டிவிக்குப் பின்னாடி எச்டிஎம்ஐ 1, 2, 3ன்னு எழுதியிருக்கும். எதுல மாட்டினீங்களோ அதையே ரிமோட்ல சோர்ஸ் பட்டனை அழுத்தித் தேர்ந்தெடுங்க. சிரிக்காதீங்க, நிறைய கேஸ் இங்கேயே முடிஞ்சிடும்.

ரெண்டு, லேப்டாப்புக்கு டிவி தெரியுதா? விண்டோஸ்ல விண்டோஸ் கீயோட பி அழுத்துங்க. டூப்ளிகேட், எக்ஸ்டெண்ட் என்று நாலு வழி காட்டும். "பிசி ஸ்கிரீன் ஒன்லி"ல இருந்தா டிவிக்கு எதுவும் போகாது. அப்புறம் டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல ரெண்டாவது திரை இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா, டிவியை ரிமோட்ல அணைக்காம சுவிட்சிலேயே அணைச்சு, ரெண்டு நிமிஷம் விட்டுப் போடுங்க. பேச்சுவார்த்தை முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

மூணு, திரை தெரியுது, ஆனா படம் வரலையா? ரெசல்யூஷனைக் குறைங்க. இல்லைன்னா 4கே-யை அப்படியே வெச்சு 60 ஹெர்ட்ஸை 30 ஆக்குங்க; வேகத் தேவை பாதியாயிடும். மவுஸ் கொஞ்சம் இழுக்கிற மாதிரி இருக்கும், பாடம் நடத்த அது போதும். விண்டோஸ்ல ரெசல்யூஷனை மாத்தினதும், வெச்சுக்கலாமான்னு கேட்கும். நீங்க எதுவும் அழுத்தலைன்னா 15 நொடியில பழைய நிலைக்கே போயிடும். அதனால பயப்படாம மாத்திப் பார்க்கலாம்.

நாலு, கேபிளை மாத்தினா என்ன ஆகுது? சின்னக் கேபிளைப் போட்டுப் பாருங்க. அதுக்கப்புறமும் வரலைன்னா, அதே கேபிள்ல வேற லேப்டாப்.

இந்த நாலுக்கும் அப்புறமும், எந்தக் கேபிள்லயும் எந்த டிவியிலயும் ரெண்டாவது திரை தெரியலைன்னா, அப்போ போர்ட்டைச் சந்தேகப்படலாம். டிரைவரைப் புதுப்பிச்சும் தெரியலைன்னா சந்தேகம் வலுக்கும். அப்பவும் மதர்போர்டு கடைசி வழிதான். விண்டோஸ் கீயோட கே அழுத்தினா வயர்லெஸ்ஸா டிவியில காட்ட முடியுமான்னு தேடும். ஸ்மார்ட் டிவி பலதுல வேலை செய்யும். லேப்டாப்ல படம் அனுப்பக்கூடிய யூஎஸ்பி சி போர்ட் இருந்தா, ஒரு அடாப்டர் போதும். ஆனா எல்லா யூஎஸ்பி சி போர்ட்டும் படம் அனுப்பாது. சிலது சார்ஜுக்கும் ஃபைலுக்கும் மட்டும்தான். மாடல் விவரத்துல "டிஸ்ப்ளேபோர்ட்" என்ற வார்த்தை இருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க.

இன்னும் சில கோளாறுகளை வேகமா சொல்லிடறேன். டெஸ்க்டாப்ல தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தா, கேபிளை அந்தக் கார்டுல மாட்டணும். மேலே மதர்போர்டோட இருக்கிற எச்டிஎம்ஐ-ல மாட்டினா பல கம்ப்யூட்டர்ல படம் வராது. பழைய விஜிஏ லேப்டாப்னா வெறும் பிளக் மாத்துற துண்டு உதவாது. விஜிஏ அனலாக், எச்டிஎம்ஐ டிஜிட்டல். நடுவுல மாத்திக் கொடுக்கிற சிப் உள்ள கன்வர்ட்டர் வேணும். அதுலயும் "விஜிஏ டூ எச்டிஎம்ஐ"ன்னு கேட்டு வாங்குங்க. "எச்டிஎம்ஐ டூ விஜிஏ" எதிர்த் திசைக்கானது, திருப்பிப் போட்டா ஓடாது. விஜிஏ-ல சத்தமும் வராது, அதுக்குத் தனி வயர்.

படம் வருது, ஆனா டாஸ்க்பார் திரைக்கு வெளியே போயிடுதா? அது பழைய பிக்சர் டியூப் காலத்துப் பழக்கம், டிவி ஓரங்களை வெட்டிக் காட்டுது. பிக்சர் சைஸ் மெனுவில "ஸ்கிரீன் ஃபிட்", "ஜஸ்ட் ஸ்கேன்" மாதிரி ஒண்ணு இருக்கும், அதைப் போடுங்க. சத்தம் மட்டும் லேப்டாப்லயே வருதா? ஸ்பீக்கர் ஐகானை அழுத்தி டிவி பேரைத் தேர்ந்தெடுங்க. எல்லாம் நல்லாயிருக்கு, சினிமா ஆப்ல மட்டும் கறுப்பா வருதா? அது எச்டிசிபி என்கிற காப்பிப் பாதுகாப்பு. நடுவுல ஸ்பிளிட்டர் இருந்தா எடுத்துட்டு நேரா மாட்டிப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. இது பணத்தை விட முக்கியம். லேப்டாப் சார்ஜ் ஆகும்போது அதோட உலோகப் பகுதியைத் தொட்டா விறுவிறுன்னு இருக்குதா? எர்த் சரியா இல்லைங்கிறதுக்கு அது ஒரு அடையாளம். மூணு பின் சார்ஜரை ரெண்டு பின் கன்வர்ட்டர் போட்டு மாட்டியிருந்தா முதல்ல அதை எடுங்க. அந்த நிலைமையில, டிவியும் லேப்டாப்பும் ஓடிக்கிட்டு இருக்கும்போது எச்டிஎம்ஐ-யைச் செருகினா சின்னப் பொறி பறக்கலாம். நல்லா இருந்த போர்ட் உண்மையிலேயே போறதுக்கு அது ஒரு வழி. ரெண்டையும் அணைச்சுட்டுக் கேபிளை மாட்டுங்க, அப்புறம் போடுங்க. எலெக்ட்ரீஷியன் வீட்டுக்கு வரும்போது எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்க.

கடைக்குப் போக வேண்டி வந்தா, "டிவியில வரலை"ன்னு மட்டும் சொல்லாதீங்க. "ரெண்டாவது திரை தெரியுது, சின்னக் கேபிள்ல வருது, பெரிய கேபிள்ல 4கே வரலை"ன்னு சொல்லுங்க. இவ்வளவு சொல்ற ஆள்கிட்ட யாரும் சும்மா மதர்போர்டு விலை சொல்ல மாட்டாங்க. நல்ல மெக்கானிக்கா இருந்தா அவருக்கும் வேலை சுலபம்.

உங்க வீட்டு டிவி வேற ஏதாவது வினோதம் பண்ணுச்சுன்னா எழுதி அனுப்புங்க. எந்தக் கேபிள், எத்தனை மீட்டர், ரெண்டாவது திரை தெரியுதா, இந்த மூணையும் மறக்காம எழுதுங்க. அடுத்த எபிசோட்ல வீட்டு வைஃபையைப் பத்திப் பேசுவோம்.