தெரிந்த கதை, புது மொழி



செவிலியர் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் தங்கைகளே, உங்களில் பலருக்கு ஜெர்மனியில் வேலை பார்க்க ஆசை. அங்கே செவிலியராகப் பதிவு பெறப் பொதுவாக பி2 நிலை ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். அதற்கான வகுப்புகள் சென்னையில் இருக்கின்றன. ஆனால் விடுதி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கட்டி அங்கே தங்கிப் படிக்க எத்தனை வீடுகளுக்கு வசதி உண்டு? வசதி இல்லை என்பதற்காக ஆசையை விட்டுவிட வேண்டாம். மொழி படிக்க வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

முதல் வழி, டப்பிங் படம். நெதர்லாந்திலும் ஸ்வீடனிலும் வெளிநாட்டுப் படங்களைப் பெரும்பாலும் மூலக் குரலோடு ஓட்டி, அடியில் எழுத்துப் போடுகிறார்கள். ஜெர்மனியில் அப்படி இல்லை. உள்ளூர்க் குரல் கொடுத்தே திரையிடுவது அங்கே வழக்கம். அதனால் உலகத்துப் படங்கள் ஏராளமாக ஜெர்மன் பேசுகின்றன. நீங்கள் பலமுறை பார்த்த 'லயன் கிங்' படத்தையே ஜெர்மனில் போட்டுப் பாருங்கள். அடுத்து என்ன நடக்கும், யார் எங்கே அழுவார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கதையைத் துரத்த வேண்டிய வேலை இல்லை. காது முழுக்க மொழிக்கே கிடைக்கும். ஒலிப்பதிவுக் கூடத்தில் பேசிய குரல் என்பதால் உச்சரிப்பும் தெளிவாக விழும்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். டப்பிங் வசனம் உதட்டசைவுக்குப் பொருந்த எழுதுவது. சப்டைட்டில், கண் படிக்கும் வேகத்துக்காகச் சுருக்கி எழுதுவது. ஆகவே கேட்பதும் படிப்பதும் பல இடங்களில் ஒத்துப் போகாது. தொடக்கத்திலேயே அதில் குழம்பினால் மனம் சோர்ந்துபோகும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கென்றே ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லே 'நிகோஸ் வெக்' என்ற படத்தொடரை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஸ்பெயினிலிருந்து வந்த நிகோ என்ற இளைஞன் பையைத் தொலைத்துவிட்டு, ஊரும் பேச்சும் பழகுகிற கதை. ஏ1 நிலை முதல் பி1 நிலை வரை, காட்சிக்குக் காட்சி பயிற்சியும் உண்டு.

படம் பார்த்து மொழிமேல் ஆசை வருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சான்று. 1998-இல் ஜப்பானில் 'முத்து' என்ற தமிழ்ப் படம் ஓடியது. பார்த்தவர்கள் ஜப்பானிய எழுத்தைப் படித்தபடி தமிழ்க் குரலைக் கேட்டார்கள். அப்படி ரசிகர்களானவர்களில் தமிழ் படித்துப் பேசக் கற்றவர்களும் உண்டு!

ஆனால் தங்கைகளே, திரை உங்கள் பிழையைத் திருத்தாது. தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கும் உண்டு. பேச வாய் திறக்க வேண்டும். தவறினால் திருத்த ஆசிரியர் வேண்டும். இரண்டாவது வழியான நேரலை இணைய வகுப்பு அதற்குத்தான். பதிவு செய்த பாடக் காணொளி மட்டும் போதாது.

நகராட்சித் தலைவர் அவர்களே, நூலகர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த நூலகத்தில் வாரந்தோறும் ஒரு மாலையை மொழிக்கு ஒதுக்குங்கள். ஒரு சிறு காட்சி போதும். முதலில் மாணவர்கள் எழுத்தில்லாமல் கேட்கட்டும். பிறகு வசனத்தைப் படிக்கட்டும். பிறகு உரக்கச் சொல்லி நடிக்கட்டும். கடைசியில் இணையம் வழியாக ஓர் ஆசிரியர் திரையில் வந்து திருத்தட்டும். வேண்டியவை நல்ல இணைய இணைப்பு, ஒரு திரை, சில ஹெட்போன்கள், ஆசிரியருக்குரிய ஊதியம். நகரத்தில் பணம் கட்டிப் படிப்பவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு நம் ஊர்ப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். அதைக் கொடுப்பது பொது நூலகத்தின் கடமை. வரும் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.