மாமியார் காப்பாற்றிய மருமகள்



தென் நைஜீரியாவில் கலபார் என்றொரு துறைமுக ஊர். அந்தப் பக்கத்துக் கதை ஒன்றை எல்ஃபின்ஸ்டன் டேரல் என்ற ஆங்கிலேய அதிகாரி 1910-இல் அச்சேற்றினார். அஃபியோங் என்றொரு அழகி. பெற்றோர் பார்த்த பணக்காரக் கிழவர்களை எல்லாம் வேண்டாம் என்றாள். சேதி ஆவி உலகம்வரை போனது. அங்கிருந்த ஒரு மண்டையோடு, ஒருவனிடம் கை, இன்னொருவனிடம் கால் என்று கேட்டு வாங்கிப் பூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்தது. நகையை இரவல் வாங்குவோரைப் பார்த்திருக்கிறோம். உடம்பையே இரவல் வாங்கிய மாப்பிள்ளை இவன்தான்! அவளுக்குப் பிடித்துப்போனது; கல்யாணமும் ஆனது. புகுந்த வீடு போனதும் இரவல் கொடுத்தவர்கள் வந்து அவரவர் பொருளை வாங்கிக்கொண்டார்கள். மிஞ்சியது வெறும் மண்டையோடு.

அவளைக் காப்பாற்றியது யார்? அப்பாவா? ராஜாவா? மாமியார்! தள்ளாத அந்தக் கிழவிக்கு அவள் சோறாக்கிப் போட்டாள்; தண்ணீரும் விறகும் சுமந்து வந்தாள். மனிதக்கறி தின்னும் ஆவிகள் தேடி வந்தபோது கிழவி அவளை ஒளித்துவைத்தாள். சிலந்தியை அழைத்துப் புது மோஸ்தரில் தலைவாரச் சொன்னாள். அவளை வீட்டுக்கு அனுப்பக் காற்றைக் கூப்பிட்டாள். முதலில் வந்தது சூறாவளி. போ என்று விரட்டினாள். பின்னால் வந்த இளங்காற்றிடம் மருமகளை ஒப்படைத்தாள்.

கதை இதோடு முடியவில்லை. சேதி கேட்ட ராஜா சட்டம் போட்டார்: தூரதேசத்து அந்நியனுக்கு யாரும் பெண் கொடுக்கக் கூடாது. அப்பாவோ தன் நண்பனையே கட்டிக்கொள்ளச் சொன்னார், அவளும் தலையாட்டினாள். ஏமாற்றியது மண்டையோடு, கட்டுப்பாடு பெண்ணுக்கா? உயிர் காத்த கிழவிக்கு அந்தச் சட்டத்தில் ஒரு சொல் உண்டா?

பெற்றோர் சொல் கேளாமல் அந்நியனைக் கட்டும் பெண்ணின் கதை கானாவிலும் உண்டு. அதை எடுத்து அந்நாட்டு எழுத்தாளர் அமா அத்தா அய்டூ 1970-இல் ‘அனோவா’ நாடகம் தந்தார். அனோவாவும் தன் விருப்பப்படிதான் மணக்கிறாள், அழிவும் வருகிறது. ஆனால் புருஷன் அடிமைகளை விலைக்கு வாங்கிப் பணக்காரனாகிறான். அது தகாது என்று அவள் வாய்திறக்கிறாள். இப்போது சொல்லுங்கள், குற்றம் அவள் பிடிவாதத்திலா, அவன் செல்வத்திலா?

அன்பர்களே, பிள்ளைகளுக்கு இந்தக் கதைகளைத் தாராளமாகச் சொல்லுங்கள். ராஜாவின் தீர்ப்பு வந்ததும் எழுந்துவிடாதீர்கள். “இது நியாயமா?” என்று பெண்பிள்ளையிடமும் கேளுங்கள், ஆண்பிள்ளையிடமும் கேளுங்கள்.